மல்லாட்டைப் பக்கத்துக்கு ஒரு இணைப்பு

"ஹலோ... ஹலோ, மாமா? நான் அம்சா... அம்சா! திண்டிவனத்துலேர்ந்து! அந்த மெஷினை நிறுத்தச் சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல... ஆங்... ஆங், இப்போ கேக்குது. மாமா, நம்ம வெப்சைட்டுல மல்லாட்டைப் பக்கத்தைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். எடுத்தீங்களா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க... ... எதுக்கு எடுத்தீங்க?"

தேவநாதன் அம்சாவுக்குத் தாய்மாமன். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷின் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பட்டறைக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தவள் அம்சா. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள கடை கண்ணிக்கெல்லாம் வெப்சைட் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. மற்றவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். மாமா மட்டும் இருக்கமாட்டார். கை வைப்பார்.

"கோவமா? இல்ல மாமா, என் கொரலே இப்பிடித்தான். கேளுங்க. கோயமுத்தூர் பக்கம் ஒரு வேளாண்மை காலேஜி... ஆமா, பெரிய காலேஜிதான். அங்க காயத்ரி மேடம்னு ஒருத்தங்க, ப்ரொஃபசரு. வெவசாயிங்க படிக்கறதுக்குன்னு நல்ல வெப்சைட்டுங்களா பொறுக்கி ஒரு லிஸ்ட்டு போடறாங்க. மல்லாட்டை உடைக்கறதுக்கு நம்ம பக்கத்தைச் சேத்திருக்காங்க... ... நாம கேக்கவே இல்ல. அவங்களா படிச்சாங்க, அவங்களா சேத்தாங்க... ... ஐயோ, காசெல்லாம் இல்ல மாமா! இன்னிக்கு அந்த லிங்க்கைத் தட்டினா பக்கமே இல்லன்னு வருதாம். மூணு மணிக்கு லிஸ்ட்டை ஏத்தறாங்க. அதுக்குள்ள தெறந்தா நாம இருப்போம். இல்லேன்னா நம்ம எடத்துல வேற யாரோ. இப்போ மணி இன்னா தெரியுமா? ரெண்டு இருவது."

இரண்டு வருடமாக அம்சா இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். காசு வாங்கிக்கொண்டு லிங்க் தருகிறேன் என்று சென்னையிலிருந்து எத்தனையோ பேர் பேசினார்கள். ஐந்நூறு லிங்க் மொத்தமாகத் தருகிறேன், ஒரு வாரத்தில் கூகுளில் ஜம்மென்று மேலே போய்விடலாம் என்றார் ஒருவர். அவள் வேண்டாம் என்றாள். முன்பின் தெரியாத ஒருவர் தான் எழுதியதைப் படித்துவிட்டு, இதைப் போய்ப் படியுங்கள் என்று இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை அது நடந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். காலையில் மெயிலைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அடுத்த மெயிலில் பக்கத்தைக் காணோம் என்று வந்தது.

"நானே திருப்பிப் போட்டுடலாம்னு பாத்தா, பாஸ்வேர்டை மாத்தி வெச்சிருக்கீங்க. எத்தினி தடவை சொல்லிக்குடுத்தேன், ஒரு போட்டோ ஏத்த வராது உங்களுக்கு. இது மட்டும் எப்பிடி ஜல்தியா வந்துச்சி?... ... சிரிக்கல மாமா. சரி, சிரிச்சேன். பாஸ்வேர்டைச் சொல்லுங்க... ... ஏன் சொல்ல மாட்டீங்க?... ... ஆமா, எழுதினேன். 'மூணு ஏக்கருக்குக் கீழ மல்லாட்டை போடறவங்க மெஷின் வாங்க வேணாம், வாடகைக்கு எடுங்க.' நான்தான் எழுதினேன்... ... மெஷின் விக்கறவனே வாங்காதன்னு சொல்லுவானான்னா? சொன்னீங்களே! ஒலக்கூர்லேர்ந்து பெரியசாமின்னு ஒருத்தர் வந்தாரே. ரெண்டு ஏக்கரு வெச்சிக்கினு எதுக்குய்யா உனக்கு மெஷினு, போய் வாடகைக்கு எடுன்னு தொரத்தினீங்களே, நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தேன். நீங்க வாயால சொன்னீங்க, நான் எழுத்துல போட்டேன்."

பதினோரு நாள் அவள் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். ஈரக் காய் போட்டால் பருப்பு எத்தனை உடைகிறது, காய்ந்த காய் போட்டால் எத்தனை உடைகிறது என்று படி படியாக அளந்தாள். எந்தக் காய்க்கு எந்தச் சல்லடை என்று எழுதி வைத்தாள். காயைக் காதோரம் ஆட்டிப் பார், கலகலவென்று கேட்டால்தான் மெஷினில் போட வேண்டும் என்று மாமா சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட்டாள். அதற்கு முன்னால் அந்த வெப்சைட்டில் இருந்தது வேறு. யாரோ ஒரு ஆள், வடக்கே ஏதோ ஊரில் இருந்த கம்பெனியின் விளம்பரத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். 'தலைசிறந்த', 'முதன்மையான', 'உலகத் தரம்' என்று ஏகப்பட்ட வார்த்தைகள். நாலாவது வரியில் அந்தக் கம்பெனியின் பெயரும் அப்படியே கிடந்தது. அதை மூன்று வருடமாக ஒருவரும் கவனிக்கவில்லை. படித்தால்தானே கவனிப்பதற்கு!

"லிங்க்கு நம்மகிட்ட ஏற்கெனவே முப்பத்தி ரெண்டு இருக்குதா? மாமா, அந்த லிஸ்ட்டைப் பத்தி இப்போ பேசாதீங்க, எனக்குத் தலை சுத்துது."

அந்த லிஸ்ட் மாமாவின் சொந்தத் தயாரிப்பு. வெப்சைட்டுக்கு மற்றவர்கள் லிங்க் கொடுத்தால் நல்லது என்று அம்சா ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாள். உடனே அவர் கல்யாணப் பத்திரிகை வைப்பது போல வெற்றிலை பாக்குத் தட்டோடு கிளம்பிவிட்டார். சொந்தத்தில் யார் யாருக்கு வெப்சைட் இருக்கிறதோ எல்லார் வீட்டுக்கும் போனார். உன் பெயரை நான் போடுகிறேன், என் பெயரை நீ போடு என்று பேசி முடித்தார். மண்டபம், பாத்திரக்கடை, டுடோரியல், மூக்குக்கண்ணாடிக் கடை என்று முப்பத்திரண்டு சேர்ந்தது. தாய்மாமன் முறைக்காரர்கள் முதலில், பங்காளிகள் அடுத்து, சம்பந்தி வகை அதற்கும் கீழே என்று பத்திரிகையில் போடுகிற வரிசையிலேயே போட்டார். அப்படியும் கண்ணாடிக் கடைக்காரர் தன் பெயர் பதினொன்றாவது இடத்தில் இருக்கிறதென்று இரண்டு மாதம் பேசவில்லை. அந்த முப்பத்திரண்டு லிங்க்கையும் தட்டிக்கொண்டு பட்டறைக்கு ஒரு ஈ, காக்கா வரவில்லை என்பதை மட்டும் மாமா யாரிடமும் சொல்வதில்லை.

"அது மொய் மாமா. நீ எனக்குச் செஞ்ச, நான் உனக்குச் செஞ்சேன். மூக்குக்கண்ணாடி வாங்க வர்றவன் மல்லாட்டை மெஷின் எதுக்குப் பாப்பான்? கூகுள்காரனுக்கும் அது தெரியும்... ... தெரியும் மாமா, அவன் ஒண்ணும் இளிச்சவாயன் இல்ல... ... ஆமா... ஆமா... சரி, அத்த விடுங்க. பாஸ்வேர்டு... ... அந்த மூணு ஏக்கரு வரியை வேணா அப்புறம் பேசி மாத்திக்கலாம். இப்போ பக்கத்தைத் தெறந்து விடுவோம்... ... அது இல்லியா? அப்போ வேற இன்னா?... ... யாரு?... யாரு மாமா? மெதுவா சொல்லுங்க... ... முருகையனா? எந்த முருகையன்... விக்கிரவாண்டி முருகையனா?"

அம்சா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முருகையன் பெயரை மாமா வாயால் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் ஒன்றாக வேலை கற்றவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று அத்தை சொல்வாள். பிறகு முருகையன் விக்கிரவாண்டியில் தனிப் பட்டறை போட்டார். அதற்குக்கூட மாமா ஒன்றும் சொல்லவில்லை. முருகையன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தேவநாதன் பெயர் விடுபட்டுப் போனது, அத்தோடு சரி. மாமா கல்யாணத்துக்கும் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. மல்லாட்டைப் பக்கத்தை எழுதும்போதுகூட, விதைக்காய் உடைக்க, பருப்பைச் சிதைக்காத முருகையனின் ரப்பர் கட்டை மெஷின்தான் நல்லது என்று பெயர் சொல்லாமலே ஒத்துக்கொண்டார். ஆனால் பெயரைப் போடவிடவில்லை. 'விக்கிரவாண்டிப் பக்கம் கிடைக்கும்' என்று மட்டும் போடச் சொன்னார்.

"அவரு இன்னா பண்ணாரு?... ... அவரு சைட்டுல நமக்கு லிங்க்கு குடுத்திருக்காரா? யாரு சொன்னாங்க?... இருங்க, இருங்க, லைன்லயே இருங்க. தெறக்கறேன்... வருது... நெட்டு ஸ்லோ மாமா... ... ஆங், வந்துடுச்சி. படிக்கறேன், கேளுங்க. 'விதைக்காய்க்கு எங்கள் மெஷின். எண்ணெய்க்காய்க்கு விழுப்புரம் தேவநாதன் மெஷின். ஏன் என்று அவரே எழுதியிருக்கிறார், படியுங்கள்.' கீழ நம்ம பக்கத்துக்கு லிங்க்கு... ... அவ்ளோதான் மாமா, வேற ஒண்ணும் இல்ல... ... திருப்பிப் படிக்கவா? சரி. 'விதைக்காய்க்கு எங்கள் மெஷின்...'"

மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்று முறையும் அவள் படித்தாள். மணி இரண்டு முப்பத்தெட்டு. ஆனாலும் அந்த நேரத்தில் அவரை அவசரப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"மாமா... அதுக்கா பக்கத்தை எடுத்தீங்க?... ... அவரு செஞ்சிட்டாரு, நாம திருப்பிச் செய்யணும், அதனாலயா? பக்கமே இல்லன்னா திருப்பிச் செய்யற மொறையும் இல்ல, அப்பிடியா?... ... ஐயோ மாமா, ஐயோ! பேஜாரு பண்றீங்களே... ... இது மொய் இல்ல. அவரு உங்களுக்குச் செய்யல. அவருகிட்ட எண்ணெய்க்காய் எடுத்துக்கினு வர்ற ஆளுக்குச் செஞ்சாரு. அந்த ஆளுக்கு நல்ல பதிலு உங்க பக்கத்துல இருக்குது, அதனால அங்க போன்னாரு... ... சும்மா யாரு செய்வாங்களா? காயத்ரி மேடத்துக்கு நாம இன்னா செஞ்சோம்? அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போனோமா? நல்லா இருக்குது, உண்மையா இருக்குது, அவ்ளோதான்... ... நான் எழுதினது இல்ல மாமா, நீங்க சொன்னது. போட்டிக்காரன் மெஷின் விதைக்கு நல்லதுன்னு எந்தப் பட்டறைக்காரரு சொல்லுவாரு? நீங்க சொன்னீங்க. அத்தப் படிச்சிட்டுத்தான் அவரும் போட்டிருக்காரு... ... மாமா? லைன்ல இருக்கீங்களா?... ... ம்... ... நான் உங்களை ஒண்ணும் கேட்டதில்ல. இந்த ஒரு பக்கம் எனக்கு வேணும் மாமா. பதினோரு நாள் உங்க பட்டறைத் தூசியைத் தின்னுருக்கேன்."

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மாமா பாஸ்வேர்டைச் சொல்ல ஆரம்பித்தார்.

"சொல்லுங்க... எழுதிக்கறேன்... அத்தை பேரு... சின்ன எழுத்துல... அப்புறம்?... நாலு ஒண்ணு... சரி சரி... போட்டுட்டேன்... இல்ல, தப்புன்னு வருது... ... அத்தை பேருக்கு நடுவுல எடம் வுட்டீங்களா?... வுடலியா?... பொறுங்க... ஆங்! தெறந்துடுச்சி மாமா, தெறந்துடுச்சி! நீங்க எடுத்த பக்கம் குப்பைத்தொட்டியில அப்பிடியே இருக்குது... எடுத்துட்டேன்... போட்டுட்டேன். மேடத்துக்கு மெயில் போடறேன்... போயிடுச்சி. மணி ரெண்டு அம்பத்தொண்ணு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் போனை வைக்கவில்லை.

"வந்துடுச்சி! மாமா, பதில் வந்துடுச்சி! 'பார்த்துவிட்டேன், திறக்கிறது, பட்டியலில் இருக்கிறது. சல்லடை விவரம் மிக நன்று.' சல்லடை விவரம் உங்களுது மாமா!... ... ஆமா... ஆமா... கோயமுத்தூர்லதான்... ... அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க... ... நான் எதுக்கு அழுவறேன், ஜலதோஷம்... ... வெக்கட்டுமா?... ... இன்னா? இன்னும் ஒண்ணா? சொல்லுங்க... ... விக்கிரவாண்டிப் பக்கம் கிடைக்கும்னு போட்டிருக்கற எடத்துலயா? ஆமா, அந்த வரிதான்... ... பேரைப் போடணுமா?... யாரு பேரை?... ... இல்ல மாமா, காதுல விழுந்துச்சி. நெஜமாதான் சொல்றீங்களான்னு கேட்டேன்... ... ஆமா. விதைக்காய் வெச்சிருக்கறவன் விக்கிரவாண்டியில எங்க போய்த் தேடுவான், பாவம்... ... லிங்க்கும் குடுத்துடறேன். நம்பரும் போடணுமா? நம்பருக்கு நான் எங்க... இருங்க, பேனா... சொல்லுங்க. தொண்ணூத்தி நாலு... நாப்பத்தி மூணு... ம்... ம்... ம்... எழுதிட்டேன். போன்ல பாத்தா சொல்றீங்க?... ... மாமா, அந்த போனு உங்க காதுல இல்ல இருக்குது?... ... மனப்பாடமா வெச்சிருக்கீங்களா? இத்தினி வருஷமா?... மாமா?... ஹலோ?... ஹலோ?"

வைத்துவிட்டார்.

சரிபார்க்காமல் ஒரு எழுத்தையும் அம்சா ஏற்றமாட்டாள். நம்பர் சரியா என்று பார்க்க விக்கிரவாண்டிக்குப் போட்டாள். அந்த லைன் பிஸியாக இருந்தது. மாமாவிடமே இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று விழுப்புரத்துக்குப் போட்டாள். அதுவும் பிஸியாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து இரண்டுக்கும் மறுபடி போட்டுப் பார்த்தாள். இரண்டும் பிஸி. நம்பர் சரிதான் என்று அம்சா அதைப் பக்கத்தில் ஏற்றினாள்.