பின்மதிலின் நடுக்கல்

வீடு என்றால் அது தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒருவன் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை. எங்கள் தெருவில் இன்றும் விடியற்காலையில் தறிக்கு ஏற்றும் பட்டுப் பாவு நூலை வாசலோரமாக நீட்டிக் கட்டுகிறோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் இழைகூடத் தொய்யாது. வீடுகளும் அதே நேரில்தான் நிற்கின்றன. ஒருவன் சுவர் அரை அடி விலகியிருந்தாலும் பாவு காட்டிக்கொடுத்துவிடும்.

நான் சுப்பராயலு. வயது எழுபத்தாறு. நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். நான் நிதானம் தவறியதில்லை.

என் பேரன் கிரண் சென்னையில் கட்டடக்கலை படித்தான். உடன் படித்த கனிமொழியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவள் அப்பன் தருமன் எங்கள் கழனியில் நடவுக்கு வந்தவன். நான் கத்தவில்லை, யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. தெருக்கோடியில் இருந்த என் மனையைக் கொடுத்து வீடு கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஊர் என்னைக் குறை சொல்லக்கூடாது.

மனைக்குப் பின்னால்தான் தருமன் இருக்கும் தெரு. அங்கே பெய்கிற மழை என் மனையின் குறுக்கே ஓடிக் கால்வாயில் விழும். கனிமொழி ஒரு மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு அந்த ஓட்டத்தைப் பார்த்தாள். பிறகு வரைபடம் கொண்டுவந்தாள். அதில் வீடு தெருவுக்குச் சாய்வாகத் திரும்பி, ஓட்டத்தின் போக்கில் தூண்கள் மேல் நின்றது. அடியில் தண்ணீர் போக வழி.

"தாத்தா, தண்ணி போற பக்கம் வழி வுட்டுத்தான் வூடு நிக்கணும். மனை சொல்றதக் கேட்டுக் கட்டணும்" என்றாள்.

"மனை என்னுது. நான் சொல்றதக் கேட்டா போதும்."

"நீங்க சொன்னா தண்ணி கேக்குமா தாத்தா?" என்று கிரண் சிரித்தான். அவளும் சிரித்தாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர்கள் விருப்பப்படியே கட்டினார்கள். புதுமனை புகுந்த அன்று எதிர்வீட்டுச் சின்னம்மாள், பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "என்னா பெரியவரே, ஒங்க வூடு தெருவப் பாக்காம மூஞ்சத் திருப்பிகினு கீது? சம்பந்தி வூட்டப் பாக்குதா?"

இலைக்கு முன்னால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பந்தி முடிந்ததும் பக்கத்து வீட்டு மூலையிலிருந்து பட்டு நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலை நான்கடி உள்ளே போயிருந்தது. அந்த மூலையில்தான் சாமி அறை. அதன் அடியில் அவர்கள் தெருத் தண்ணீர்.

புரட்டாசியில் இருவரும் வேலையாகச் சென்னை போயிருந்தார்கள். கொத்தனார் தணிகாசலத்தை அழைத்து, பின்மதிலில் தண்ணீர் நுழைய விட்டிருந்த வாயைக் கல் வைத்து அடைக்கச் சொன்னேன். மதில்மேல் கண்ணாடிச் சில்லும் பதிக்கச் சொன்னேன்.

"மழ வந்தா பின்னால கீறவங்க பேஜாராயிடுவாங்க பெரியவரே" என்றான்.

"நடுக்கல்லுக்கு மட்டும் சிமெண்ட் வெக்காத. வேணும்னா நானே எடுத்து வுடுவேன்" என்றேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கிரண் சென்னையில் இருந்தான். கனிமொழி தன் அம்மா பச்சையம்மாளைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த அம்மாள் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். பழைய மண்சுவர் வீடு. மதியம் கனிமொழி போன் செய்தாள்.

"தாத்தா, பின்மதில்ல குப்ப அடச்சிகினு கீது போல. தண்ணி கட்டில் வரைக்கும் வந்துட்சி. அம்மாவத் தூக்க முடியல. ஜல்தியா யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன். புது வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நடுக்கல்லைச் சுற்றித் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கடப்பாரை பக்கத்தில் சாய்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் தருமனின் தலை தெரிந்தது. மார்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான்.

"ஐயா, அந்தக் கல்ல எடுத்து வுடுங்க. ஒங்க வூட்டுப் பொண்ணும் உள்ள கீது ஐயா."

"பின்னால நின்னு கேக்கறது என்னா பழக்கம்? தெரு வாசலுக்கு வந்து கேளு. எடுத்து வுடறேன்."

அவன் மதிலைப் பிடித்தான். கையில் ரத்தம் வந்தது. பிறகு தெரு வாசலுக்கு வரும் சுற்றுவழியில் நடந்தான்.

பின்தெருவில் மண்சுவர் விழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னும் வாசலுக்கு வந்திருக்கவில்லை. தாயும் மகளும் ஒரே சுவருக்கு அடியில் கிடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள்.

தருமன் வந்தான். தெரு வாசலில், எல்லோரும் பார்க்க, கைகூப்பிக் கேட்டான். அந்த நிமிடமே போய் நடுக்கல்லை நெம்பினேன். மற்றக் கற்கள் தண்ணீரின் வேகத்தில் தாமாகவே சரிந்தன. அவள் வரைந்திருந்த வழியிலேயே தண்ணீர் வீட்டுக்கு அடியில் ஓடிப்போனது. சாமி அறையில் ஒரு சொட்டு ஏறவில்லை. கட்டத் தெரிந்தவள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். தாமதமாக வந்தது தருமன்தான். கல் வைத்த அன்றைக்கே அந்தச் சுற்றுவழியை நான் நடந்து பார்த்திருந்தேன். காய்ந்த தரையிலேயே இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.