மாட்டுப் படத்தில் நாலு பொட்டு

ஞானசுந்தரம் ஜெயமதி ஆகிய நான், வயது 54, சொந்த ஊர் மட்டக்களப்பு வந்தாறுமூலை, தற்போது மொன்றியல் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் வசிக்கிறேன். அங்குள்ள வயோதிபர் இல்லம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகச் சமையல் வேலை. பொலிஸ் அம்மா பிரெஞ்சில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தம்பி சாம்பவன் நான் பறையிற மாதிரியே எழுதுகிறார்.

எங்கட இல்லத்து மண்டபத்தில பெரிய எண்ணெய் ஓவியம் ஒண்டு தொங்குது. விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்துக் கிராமமாம். எனக்கு அது மாட்டுப் படம். வைக்கோல் கூரை வீடு, கீழ மூன்று மாடு, அதுக்கு மேல மேட்டில ஒரு புள்ள பால்வாளியோட நிற்கிறா. கன்றை மட்டும் காணேல்ல. கன்று இல்லாம எப்படி மனே பால் சுரக்கும்?

தை (ஜனவரி) 15ம் திகதி புதன்கிழமை பட்டிப் பொங்கல். ஊரில எண்டா மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டு வைச்சு, மாலை போட்டுத்தான் நாங்க சாப்பிடுவம். இங்க வெளியில மைனஸ் இருபத்தொண்டு. மாட்டுக்கு எங்க போவன்? வீட்டில பொங்கினதைக் கொண்டுபோய், பின்னேரம் இரண்டு மணி இடைவேளையில அந்தப் படத்துக்கு முன்னால படைச்சன். அது முடிய மறுகா முதல் மாட்டிட நெற்றியில சந்தனமும் குங்குமமும் வைச்சன். கண்ணாடி போட்ட படமெண்டுதான் நினைச்சிருந்தன். விரல் பட்ட உடனதான் தெரிஞ்சது, கண்ணாடி இல்ல. அதுக்காக ஒண்டுக்கு வைச்சிட்டு மற்ற ரெண்டையும் விடலாமா, வாயில்லாச் சீவன்களை? மூன்றுக்கும் வைச்சன்.

மறுகா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமக் கிண்ணத்தையும் படத்துக்குக் கீழ இருந்த மேசையில விட்டிட்டு அடுப்பைப் பார்க்கப் போனன். பத்து நிமிசத்தால வந்தா, படத்தில பால்வாளியோட நிற்கிற புள்ளயிட நெற்றியிலயும் ஒரு பொட்டு. பக்கத்தில ஹென்றி ஐயா சக்கர நாற்காலியில இருந்து சிவத்த விரலை ஒளிக்கிறார்.

ஹென்றி ஐயாவுக்கு எண்பத்தெட்டு வயசு. என்ட சூப்பில உப்பில்லையெண்டு ஒவ்வொரு நாளும் சண்டை பிடிப்பார், சண்டை பிடிச்சபடியே ரெண்டு கோப்பை குடிப்பார். ஐப்பசியில விழுந்ததில இருந்து எழும்பி நிற்கிறதே இல்ல. பயிற்சி குடுக்க வாற புள்ள கெஞ்சினாலும் மாட்டன் எண்டுதான் நிற்பார். மாதம் முடியமுதல் தானா எழும்பி நிற்காட்டி, படுத்த படுக்கையா இருக்கிற ஆக்களிட இல்லத்துக்கு மாத்துறதெண்டு மனேச்சர் றொக்சன் சொல்லிப்போட்டா. அதைக் கேட்டதில இருந்து எனக்குச் சோறு இறங்கேல்ல.

படத்தையும் பழுதாக்கினாரெண்டா நாளைக்கே ஏத்தி அனுப்பிப்போடுவா. ஆனபடியா அவருட விரலை என்ட ஏப்ரனால துடைச்சன். றொக்சன் வந்து கத்தேக்க, நாலு பொட்டும் நான்தான் எண்டன். அவ பொலிசுக்குக் கோல் அடிச்சா. இண்டைக்கு இங்க வந்தும் அதையேதான் சொன்னன். பொய்தான், ஓம்.

மறுகா பொலிஸ் அம்மா மண்டபத்துக் கமராவில பதிஞ்சதைப் போட்டுக் காட்டினா. ஹென்றி ஐயா அங்கால இங்கால பார்க்கிறார். ஒருத்தரும் இல்ல. மேசை விளிம்பைப் பிடிச்சு மெல்ல எழும்புறார். மறுகா கையை விட்டிட்டார்! குங்குமத்தைத் தொடுறார், நிண்டபடியே படத்துப் புள்ளைக்கு வைக்கிறார், தலையைச் சரிச்சு அழகும் பார்க்கிறார். அடி ஆத்தே! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டா வந்திட்டு. கள்ளக் கிழவன், அந்தப் பயிற்சிப் புள்ளைய என்ன பாடு படுத்தினவர்! இன்னொருக்காப் போடுங்க, இன்னொருக்காப் போடுங்க எண்டு மூன்று தரம் பார்த்தன்.

படம் திருத்திறவர் வந்து, துடைச்சா முழுக்கப் போயிருமெண்டு சொன்னாராம். நல்லது. வைச்சது என்ட பிழை, என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

ஆனா முதல் சொன்னதை மாத்துறன். மூன்று பொட்டு என்ட. நாலாவது ஹென்றி ஐயா எழும்பி நிண்டு, ஒருத்தரும் பிடிக்காம, தன்ட கையால வைச்சது. இதில ஒரு பிரதி றொக்சனுக்குக் கட்டாயம் போகோணும்.

எழுதியதைத் தம்பி சாம்பவன் எனக்கு வாசித்துக் காட்டினார். நானே ஒப்புக்கொண்ட பொய்யைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. ‘எழும்பி நிண்டு’ என்ற இடத்தில் கீழே கோடு போடச் சொன்னேன். ஒரு கோடு போட்டார். காணாது, இன்னொன்று போடுங்க மனே என்றேன். போட்டபின் ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) ஞா. ஜெயமதி
2025 தை 17, மொன்றியல்