மாமியார் கத்தட்டும்

இந்த அறையின் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டக்' என்கிறது. உங்களுக்கு அது கேட்காது என்று நினைக்கிறேன். தினமும் இங்கேயே உட்கார்ந்து விசாரிக்கிறவர் நீங்கள், காது பழகிப் போயிருக்கும். நான் வந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பாக நினைக்க வேண்டாம், குறை சொல்லவில்லை. மனிதக் காது எந்தச் சத்தத்தை மதிக்கும், எதைக் கழித்துக்கட்டும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அந்த விமானம் மலையில் போய் மோதியது எப்படி என்று கேட்கிறீர்கள். எப்படி என்பது சுலபம். ஏன் என்று கேட்டால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

விமானிக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது. கீழே உள்ள நிலத்தை அது நிறமாகக் காட்டும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறு. மேகத்துக்குள் போகும்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, மலை தெரிவது அந்தத் திரையில் மட்டும்தான். சிவப்பு வந்ததும் ஒரு பெண் குரல் பேசும். 'முன்னால் மலை. மேலே ஏறு.' எந்த மலைக்கு எவ்வளவு தூரத்தில் எந்த நிறம், குரல் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் விமான நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது நான்.

குரல் என் மனைவியுடையது. பழைய குரல் கரகரக்கிறது, புதிதாகப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள். சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் அவளை நிற்க வைத்து, 'மேலே ஏறு' என்பதை ஒரு பிற்பகல் முழுக்கச் சொல்ல வைத்தேன். கெஞ்சக்கூடாது, மிரட்டவும் கூடாது, பயந்த மாதிரியும் இருக்கக்கூடாது. கடைசியில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"வீட்டுல இத்தனை வருஷமா இதே குரல்லதான் சொல்லிட்டிருக்கேன். நீங்க காதுல வாங்கினதா ஞாபகமே இல்ல. அவங்க மட்டும் கேட்டுடுவாங்களாக்கும்."

சிரித்தேன். அதுவும் பதிவாகியிருந்தது. வேலைக்கு ஆகாத பேச்சு என்பதால் வெட்டி எடுத்துவிட்டேன்.

விமானிகள் அந்தக் குரலுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்கள். அதை அடக்க ஒரு பொத்தான் உண்டு. திரையைப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டு, அதன்பின் அழுத்துவதற்காக வைத்தது. இவர்களுக்குக் கண் போகுமுன்பே கை போய்விடும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் தட்டிவிடுகிறோமே, அந்த மாதிரி. விமானி அறை ஒலிப்பதிவுகள் ஆய்வுக்காக என்னிடம் வரும். என் மனைவி உயிரைக் காப்பாற்றச் சொல்லும் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடித்ததில்லை. 'முன்னால் ம...' அவ்வளவுதான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது அந்த மலை ஊர் விஷயத்தில்தான்.

அங்கே இறங்க வேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றினால் நேரம் ஆகிறது என்று இவர்களே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மலையை நோக்கி நேராகப் போவது. மாமியார் கத்துவாள். கத்தியதும் இடது பக்கம் திரும்பி ஏறினால் ஓடுபாதை கச்சிதமாக முன்னால் வந்து நிற்கும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத வழி. ஒரு பதிவில் துணை விமானி, திரும்பலாமா என்று தயங்குகிறான். தலைமை விமானி நிதானமாகச் சொல்கிறார்: "அவசரப்படாதப்பா. மாமியார் கத்தட்டும், திரும்பிக்கலாம்."

ஆபத்துக்கு அடிக்க வைத்த மணியைச் சாப்பாட்டு மணி ஆக்கிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பதிவை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். மேலிடத்தில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னேன். நேரத்துக்கு இறங்குகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள்.

அந்தத் தலைமை விமானி என் தங்கையின் கணவர். ஒரு நாள் இருவரும் சாப்பிட வந்திருந்தார்கள். என் வீட்டு மேஜையில், என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மாமியாரைப் போலப் பேசிக் காட்டினார். 'மேலே ஏறு, மேலே ஏறு' என்று இழுத்துவிட்டு, "ஏறியாச்சும்மா, கொஞ்சம் மூச்சு விடு" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அண்ணா, அடுத்த தடவை முழுசாப் பேச விடுங்க. பாவம், தொண்டை வத்தக் கத்துறா," என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

அவள் சிரித்ததை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மனசு புண்பட்டவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தாள், அதுவும் மறைப்பதற்குத்தான். நான் அவளைக் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

அப்புறம் ஒரு கூட்டத்தில் மாப்பிள்ளையே எழுந்து பேசினார். "சரியான பாதையில வந்தாக்கூட அந்த மலைகிட்ட சும்மா சும்மா கத்துது மச்சான். கொஞ்சம் அவ வாயைக் கட்டுங்க." எல்லாரும் சிரித்தார்கள். சரியான பாதையில் வருகிறவர்களுக்கு மட்டும் குரல் வேண்டாம், மற்றபடி வழக்கம்போல் பேசட்டும் என்று முடிவானது. நியாயமான மாற்றம்தான். விமானிகள் எல்லாருக்கும் அப்படியே அறிவித்தார்கள்.

நான் கொஞ்சம் தாராளமாகச் செய்தேன். ஒரு கீற்று அளவுக்கு மௌனம் கேட்டார்கள், மலை முழுவதற்கும் கொடுத்தேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரை பச்சை. எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு கிட்டே போனாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

என் வேலையை எங்கள் பிரிவுத் தலைவர் சரிபார்க்க வேண்டும். அவருக்குத் தலையாட்டி என்று பெயர், உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை. மலையைத் திரையில் பெரிதாகத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கில்ல?"

"நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார்."

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

அவர் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆள் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் போதும். இன்று என்னை மட்டும் இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள், அவர் வீட்டில் இருக்கிறார்.

வெயில் காலத்தில் அதைப் போட்டு என்ன பயன்? கண்ணாலேயே மலையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். அதனால் மேகம் இறங்கும் காலம் வரை மற்ற வேலைகளைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டேன். அன்று காலையில் மலை ஊரில் எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை என்று வானிலைச் செய்தி வந்தது. ஓட்டப் போகிறவர் யார் என்றும் பார்த்தேன். பிறகு நிறுத்துமிடத்துக்குப் போய் அந்த ஒரு விமானத்தில் மட்டும் என் மாற்றத்தை ஏற்றினேன். மாப்பிள்ளை படியேறும்போது என்னைப் பார்த்துக் கை அசைத்தார். நானும் அசைத்தேன்.

பயணிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இப்படி ஓட்டுகிறவர்கள் கையில் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒரு விமானம் போகத்தான் போகிறது. நான் தேதியை மட்டும்தான் தீர்மானித்தேன். இனிமேல் எந்த விமானியும் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொடமாட்டான். எத்தனை பேர் பிழைக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. என் தங்கை சின்ன வயசு. சமாளித்துக்கொள்வாள்.

கடைசிப் பதிவை நீங்கள்தான் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "என்ன சார், இன்னும் மாமியாரைக் காணோம்?" என்கிறான் துணை விமானி. "கத்துவா, இரு," என்கிறார் மாப்பிள்ளை. அவர் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவள் பேசிய நாளில் வைத்திருக்கலாம்.

இப்போது என் மனைவி செய்த போன்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அன்று காலை, நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மலை ஊரில் இருக்கும் அவள் அக்காவுக்கு அவசரமாக ஆபரேஷன் என்று தகவல் வந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். இடம் இருக்கிறது, உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் குறை சொல்ல முடியாது, உதவி என்றால் முதல் ஆளாக நிற்பார். விமானத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கிளம்புகிறேன் என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கூப்பிட்டாள், வெட்டினேன். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வெட்டினேன். மூன்றாம் தடவையும் அப்படித்தான். மணி முழுதாக ஒரு தடவை அடிக்கக்கூட விடவில்லை, யார் என்று பார்க்கவே நேரம் இருந்திருக்காது என்கிறீர்கள். என் கண் விமானம் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தது, கை தன்பாட்டுக்கு வெட்டியது. வேலை நேரத்தில் வீட்டிலிருந்து வரும் போன் என்னவாக இருக்கும்? வரும்போது சோப்பு வாங்கி வாருங்கள் என்பாள். அதைப் போய் அவர்கள் பொத்தானை அழுத்துவதோடு சேர்த்து வைத்துப் பேசுகிறீர்கள். அது வேறு, இது வேறு. அவர்கள் அலட்சியத்தில் செய்தார்கள். நான் வேலையாக இருந்தேன்.

உண்மையைச் சொல்லப்போனால் இப்போது எனக்குக் கோபம் அவள் மேல்தான். ஒரு எச்சரிக்கை என்றால் கேட்க வேண்டியவன் கேட்கும்வரை விடக்கூடாது என்று அந்தப் பஞ்சு அறையில் அவளுக்கு அத்தனை தரம் சொல்லிக் கொடுத்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் எடுத்திருப்பேன்.