கோல்பியின் பிஸ்டலுக்குச் செய்த சின்னச் சின்ன வேலைகள்

புது பிஸ்டல் வாங்குகிறவன் எவனும் அதை ஒரு வாரம்கூட வாங்கியபடியே வைத்திருப்பதில்லை. கம்பெனிக்காரன் எல்லார் கைக்கும் பொதுவாக ஒன்றைச் செய்து அனுப்பிவிடுகிறான். வாங்கியவனுக்கோ அது தன் கைக்கு உட்கார வேண்டும். இங்கே கொஞ்சம் தேய்த்து அங்கே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால் ஆள் சிரித்துக்கொண்டே போவான். நாற்பத்தொரு வருடமாக அந்தத் தேய்ப்பும் மாற்றமும்தான் என் பிழைப்பு. மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில், வெர்ஜில் டக்கெட் கை பட்ட துப்பாக்கி என்றால் அதற்குத் தனி மரியாதை. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். மில்ஸ்டோன் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

காப்பிக்கு நன்றி. இப்போது வேண்டாம். பேசி முடித்துவிட்டுக் குடிக்கிறேன்.

என் மருமகன் கோல்பி ஜனவரியில் தன் முதல் பிஸ்டலை வாங்கினான். நகரத்தில் வளர்ந்த பையன். நிலம் அளக்கிற வேலை. அலாஸ்காவில் அதே வேலை இரட்டைச் சம்பளத்தில் கிடைத்திருந்தது; மே மாதம் என் மகள் லோரீனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அங்கே கரடி உண்டு என்று யாரோ சொல்ல, இவன் போய் பிஸ்டல் வாங்கிவிட்டான். அந்த பிஸ்டலால் சுட்டால் கரடிக்குக் கோபம்தான் வரும். அதை நான் சொல்லவில்லை. மருமகன் முதல் முதலாக ஒரு விஷயத்துக்காக என்னிடம் வந்திருக்கிறான், அவன் முகத்தில் அடித்த மாதிரி எதற்குப் பேச வேண்டும்?

லோரீன்தான் அவனைக் கடைக்குக் கூட்டி வந்தாள்.

"அப்பா, நீங்க பாத்துச் செஞ்சு குடுங்க. உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி."

"கடைக்காரர் இதுல ஒண்ணும் மாத்த வேண்டாம்னு சொன்னாரு மாமா" என்றான் அவன்.

"அவன் வித்துட்டான். அவனுக்கு வேலை முடிஞ்சுது. நமக்கு இப்பத்தானப்பா ஆரம்பிக்குது."

லோரீன் சிரித்தாள். அவள் அம்மா மேவிஸ் செத்த பிறகு அந்தக் கடைக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேவிஸ் போய் ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடமும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்து சமைப்பாள். கோழியைப் பொரித்து வைத்துவிட்டு, என் சட்டைப் பொத்தான் எது தொங்குகிறது என்று பார்ப்பாள். அலாஸ்காவிலிருந்து எந்த மகளும் ஞாயிற்றுக்கிழமை வந்து பொத்தான் தைக்க முடியாது. இதை நான் ஒரு தடவை சொன்னேன். "அப்பா, ஃபோன்ல பேசலாம்ல" என்றாள். எனக்கு அன்று வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. வெளியே காட்டவில்லை.

முதலில் குறி பார்க்கும் முனையை மாற்றினேன். கம்பெனி போட்டது வெள்ளைப் புள்ளி. வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்று பச்சையில் ஒன்று போட்டேன். பிடியில் சொரசொரப்பான பட்டை ஒட்டினேன், வியர்த்தாலும் வழுக்காமல் இருக்க. இரண்டும் நல்ல வேலை. எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியாது. திறந்து, உள்ளே காலி என்று காட்டி, அவன் கையில் கொடுத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

பிறகு உறை. அவன் இடுப்பின் முன்பக்கம், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கியிருந்தான். நல்ல உறை. வாய் அகலமாக, விறைப்பாக நிற்கும்; கண்ணை மூடிக்கொண்டு செருகினாலும் பிஸ்டல் மட்டும்தான் உள்ளே போகும். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன, சாப்பாட்டு டப்பாவா?" என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. நானே என் கையால் தோலில் ஒன்று தைத்துக் கொடுத்தேன். மெல்லிய தோல். போட்டுக்கொண்டால் இருப்பதே தெரியாது. வாய் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று உள்பக்கம் மடங்கும்.

விசைக்கு வருகிறேன். நீங்கள் கேட்க நினைப்பது அதைத்தான். அந்த வகை பிஸ்டலில் விசையின் நடுவில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். விரல் நேராக அந்த நாக்கை அழுத்தினால்தான் விசை நகரும். துணியோ கயிறோ ஓரமாகச் சிக்கி இழுத்தால் நகராது. என் வேலை முடிந்த பிறகு அது நகர்ந்தது. விசையும் முன்பிருந்ததில் பாதி அழுத்தத்துக்கே இறங்கியது. எப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எவனாவது கற்றுக்கொண்டு செய்து பார்ப்பான். எல்லாக் கைக்கும் அந்தப் பக்குவம் வராது.

அவனே சுட்டுப் பார்த்தான். ஒரு சனிக்கிழமை முழுக்கச் சுட்டான். "வெண்ணெய் மாதிரி இருக்கு மாமா" என்று என் தோளைத் தட்டினான். சுடும்போது அதில் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் சுடும்போது விரல்தானே விசையில் இருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். கோல்பி ஜாக்கிரதையான பையன். குழலுக்குப் பின்னால் குண்டு உட்காருகிற அறையில் குண்டு ஏற்றாமல்தான் இடுப்பில் வைத்திருப்பான். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் வைத்துக்கொள்வதில்லை. நான் அதைத் தீவனக் கடை பர்லிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். பர்லிடம் ஒன்றைச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அடுத்த சனிக்கிழமை சுடும் இடத்தில் எட்டுப் பேர் நடுவே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"ஏம்ப்பா கோல்பி, கரடி வந்தா, 'அண்ணே கொஞ்சம் நில்லுங்க, குண்டு ஏத்திக்கிறேன்'னு சொல்வியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "விடுங்கடா, அவன் பழகிக்குவான்" என்று மட்டும் சொன்னேன். கோல்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு நன்றி சொல்கிற பார்வை. அன்று சாயங்காலமே குண்டு ஏற்றியே இடுப்பில் வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

பிப்ரவரி கடைசியில் அவன் பிறந்தநாள். ஒரு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். நல்ல கனமான ஜாக்கெட், இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு நாடா, நாடாவின் நுனியில் கொட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் குமிழ். அந்தக் குமிழ் சரியாக உறையின் வாய்க்கு நேரே தொங்குகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு.

ஆனால் சாதாரணமாக அவன் காலையில் ஒரு தடவை பிஸ்டலைச் செருகுவான், கண்ணாடி முன்னால் நின்று, பார்த்துப் பார்த்து. அப்படிச் செருகினால் ஒன்றும் ஆகாது. இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு பாங்குக்குப் போகலாம், மாதா கோயிலுக்குக்கூட எங்கள் பாதிரியார் விடுவார். தபால் நிலையத்துக்கு மட்டும் முடியாது. அது மத்திய அரசுக் கட்டடம். அதனால் எங்கள் ஊர் ஆட்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, பிஸ்டலை உருவி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு இறங்குவார்கள். திரும்பி வந்து, உட்கார்ந்தபடியே, ஜாக்கெட்டோடு, மடியைப் பார்க்காமல் செருகிக்கொள்வார்கள். எல்லாருக்கும் கை பழகின வேலை. நானும் ஆயிரம் தடவை அப்படிச் செருகியிருக்கிறேன்.

வீட்டுக்குத் தபால் வராத ஊர் எங்களுடையது. கடிதம் எல்லாம் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். மார்ச் முதல் வாரம் கோல்பியிடம் என் முழங்காலைக் காட்டினேன். "வியாழக்கிழமை வியாழக்கிழமை எனக்கும் சேத்து எடுத்துட்டு வர்றியாப்பா? படி ஏற முடியல." சந்தோஷமாக ஒப்புக்கொண்டான். தபால் நிலையம் என் கடைக்கு எதிர்வரிசையில் நாலு கட்டடம் தள்ளி. என் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும்.

முதல் வியாழக்கிழமை அவன் கடிதங்களோடு கடைக்குள் நுழைந்தபோது எனக்கு உள்ளங்கை முழுக்க வியர்வை. "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது வாரம் வெயில் அடித்தது, ஜாக்கெட் போடவில்லை. மூன்றாவது வாரம் அவன் வண்டிக்குள் குனிவது தெரிந்தது. கையில் அரத்தைப் பிடித்தபடி முப்பது வரை எண்ணினேன். வண்டி கிளம்பிப் போய்விட்டது. இப்படி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கிடப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அனுபவித்தால்தான் தெரியும்.

நான்காவது வியாழக்கிழமை லோரீனும் கூட வந்தாள். அவள் தபால் நிலையத்துக்கு வருகிறவளே அல்ல. இருவரும் சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கப் போகிற வழியாம். கோல்பி உள்ளே போனான். அவள் வண்டியிலேயே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஓடிப்போய் அவளை இறக்கியிருக்கலாம்தான். என்ன சொல்லி இறக்குவது? நான் அந்த இடத்தை மனதுக்குள் அளந்து பார்த்தேன். வயிற்றோடு ஒட்டிய உறை, உட்கார்ந்த ஆள், குழல் கீழே பார்த்திருக்கும், குண்டு தொடைக்குள் இறங்கி இருக்கைக்குப் போகும். பக்கவாட்டில் போகாது. தொழில் தெரிந்தவனுக்கு அந்த நம்பிக்கை இருக்க வேண்டும். அளந்தபடியே அது இருக்கைக்குள்தான் போனது, நீங்களே எடுத்தீர்கள்.

சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. கதவு மூடியிருந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு நடந்து போனேன். லோரீன் இரண்டு கையாலும் அவன் தொடையை அமுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் ரத்தம்.

"அப்பா! பட்டை! காலை இறுக்குற பட்டை! கடையில இருக்குல்ல, ஓடுங்கப்பா!"

சுடப் போகிறவர்கள் எல்லாரும் அந்தப் பட்டை ஒன்று வைத்திருப்போம். காயத்துக்கு மேலே சுற்றி முறுக்கினால் ரத்தம் நின்றுவிடும். கோல்பி என்னைப் பார்த்து, "மாமா" என்றான். நான் கடைக்குத் திரும்பினேன். பட்டையைக் கொண்டுவர ஆறு நிமிடம் ஆனது. அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எப்போதும் அங்கேதான் தொங்கும்.

அடக்கம் முடிந்ததும் லோரீன் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுடைய பழைய அறையிலேயே படுத்துக்கொள்கிறாள். அலாஸ்காப் பேச்சே இல்லை. காலையில் எனக்கு முட்டை பொரித்துக் கொடுக்கிறாள். நான் கேட்டது இவ்வளவுதான். இதோடு நின்றிருந்தால் நான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை உங்கள் போலீஸ் ஆட்களின் அறிக்கை வந்தது. அவள் சமையலறையில் அதை என் முன்னால் வைத்துப் படித்தாள். விசையை அளவுக்கு மீறித் தேய்த்தது வயதான கைவினைஞரின் கைத்தவறு, பார்வைக் குறைவு காரணமாக இருக்கலாம், வழக்கு வேண்டாம். படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு உங்க மேல கோபமே இல்லப்பா. கண்ணு போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க? தெரியாம நடந்துபோச்சு. நான் மன்னிச்சுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். "மனசை விட்ராதீங்க வெர்ஜில், யாருக்கும் நடக்கும்" என்றான் பர்ல். செவ்வாய்க்கிழமை அவனே வந்து, பழுதுக்குக் கொடுத்திருந்த தன் மான் வேட்டைத் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று லோரீன் என் அரங்களை எல்லாம் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டாள். ஒரு குழந்தையிடமிருந்து கத்தியை வாங்கிவைக்கிற மாதிரி, அவ்வளவு பதமாக. "இனிமே நீங்க எதையும் தொட வேண்டாம்ப்பா" என்றாள். பெற்ற மகள் சொல்கிறாள்.

அந்த விசை உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது? எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வழுக்கின அரம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வழுக்காது. வழுக்கின இடத்தை யாரும் மெருகேற்ற மாட்டார்கள். நான் ஏற்றியிருக்கிறேன். நாலு ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை அது. உங்கள் நிபுணருக்கு அது தெரியவில்லை என்றால் அவர் கண்ணைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள். நான் வேண்டுமென்றே செய்தேன், நினைத்தபடியே செய்தேன். கைத்தவறு என்று போட்டிருப்பதை அடித்துவிடுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். லோரீன் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். கடையை மூடுகிற பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு நீங்களே பதமாகச் சொல்லிவிடுங்கள். அவள் வருத்தப்பட வேண்டியதில்லை, அவள் அப்பாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.