மோந்து பார்த்தவன்

வாழைத் தோட்டத்துல விடிஞ்ச உடனே காத்து இருக்காது ஐயா. களை மருந்து அடிக்க அதுதான் நேரம். வெயில் ஏறி, கொள்ளிடத்துப் பக்கமிருந்து காத்து கிளம்பிட்டா நிறுத்திடணும். இல்லேன்னா கீழே புல்லுக்கு அடிக்கிறது மேலே பறந்து வாழை இலையில படும்.

என் பேரு பெரியண்ணன். சொந்த ஊர் பச்சைமலை. மலையில மரவள்ளி போட்டு ஒண்ணும் தேறாம கீழே இறங்கி வந்து ரொம்ப வருஷமாச்சு. திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடக் கரையோரம் ஹரிஹரசுதன் சார் தோட்டத்துல மருந்து அடிக்கிறேன். இறந்துபோன ஸ்டீபன்ராஜ் என் கூட வேலை செஞ்சவன். நான் அவன் கூட வேலை செஞ்சேன்னு எழுதறதுதான் சரி. தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

இதை எழுதச் சொன்னது அவன் சம்சாரம் லூர்துராணி. முதலாளி திட்டினதுல மனசு ஒடிஞ்சு அவனே மருந்தைக் குடிச்சதா எழுதி நீங்க கேஸை முடிக்கப் போறீங்கன்னு அவங்களுக்குத் தகவல் வந்திருக்கு. "அவர் சாகணும்னு குடிக்கல அண்ணே. பக்கத்துல நின்னது நீங்க. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் குடுங்க"ன்னு கேட்டாங்க. ஆகட்டும் டீச்சர்னு சொன்னேன். நான் அவங்களை டீச்சர்னுதான் கூப்பிடுவேன். மாதா கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சாயங்காலம் எங்களை மாதிரி வயசானவங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாங்க. தலை நரைச்ச பிறகுதான் நான் என் பேரை எழுதிப் பார்த்தேன். அதனால எழுத்து மெதுவாத்தான் வரும். பேசும்போது பொய் சுலபமா வந்துடுது ஐயா. எழுதும்போது ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கு. பொய் பாதி வழியிலேயே களைச்சுப் போயிடுது.

ஸ்டீபனைப் பத்திச் சொல்லணும். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கற இந்தத் தீவு முழுக்க அவனுக்கு ஒரு பேர் இருந்துச்சு. டேங்க் கழுவறதுன்னா ஸ்டீபன். முதுகுல மாட்டி மருந்து அடிக்கிற டேங்கைத்தான் சொல்றேன். ஒரே டேங்குல இன்னைக்குக் களை மருந்து அடிப்போம், நாளைக்கு வாழைக்குச் சத்து மருந்து அடிப்போம். நடுவுல ஒழுங்காக் கழுவலேன்னா, களையைக் கருக்கினது வாழையையும் கருக்கிடும். அதுக்கு அவன் ஒரு முறை வச்சிருந்தான். பாதி டேங்க் தண்ணி ஊத்தின பிறகுதான் மருந்து. கையை விட்டுக் கலக்கக் கூடாது, குச்சிதான். பாட்டில் காலியானதும் மூணு தரம் அலசி, அலசின தண்ணியையும் டேங்குலயே ஊத்தணும். பாட்டிலைக் கம்பியால குத்தி ஓட்டை போடணும், இல்லேன்னா யாராவது எடுத்துட்டுப் போயி மண்ணெண்ணெய் வாங்குவாங்க. மிச்ச மருந்தை வாய்க்கால்ல கொட்டாம பாதையோரப் புல்லுல அடிச்சுத் தீர்க்கணும். அப்புறம் சோப்புத்தூள் போட்டு மூணு தண்ணி. நாசில் தனியா, வடிகட்டி தனியா. கையுறையைக் கழுவிட்டுத்தான் கழட்டணும். எல்லாம் முடிஞ்சு, சோப்புப் போட்டுக் குளிச்ச பிறகுதான் பீடி.

அவன் சொன்னது எல்லாம் சரிதான் ஐயா. ஒண்ணுகூடத் தப்பு கிடையாது. எப்பவும் சரியாச் சொல்ற ஆள் கூட தினமும் வேலை செய்யறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. நான் டேங்கைக் கழுவி வைப்பேன். அவன் வந்து பார்ப்பான். "அண்ணே, இன்னொரு தண்ணி விட்டுடலாம்ணே"ம்பான். மரியாதையாத்தான் சொல்லுவான். களை எடுக்கிற பொம்பளைங்க எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. நான் இன்னொரு தண்ணி விடுவேன்.

"நான் கழுவின டேங்குல பாயசம் வைக்கலாம்க்கா"ன்னு ரெங்கம்மாள்கிட்ட வம்பு பண்ணுவான். ரெங்கம்மாள்தான் களை எடுக்கிறவங்களுக்குத் தலை. "உன் பாயசத்தை உன் பொண்டாட்டிக்குக் குடுடா. நான் இன்னும் பேரன் கல்யாணத்தைப் பார்க்கணும்"னு அது சொல்லும்.

இப்போ ஒரு விஷயம் எழுதறேன். இது டீச்சருக்கே தெரியாது.

ஸ்டீபனுக்கு வாசனை தெரியாது. கொரோனா வந்துட்டுப் போனதுலேருந்து எந்த வாசமும் வரலைன்னு ஒருநாள் கரையில உட்கார்ந்திருக்கும்போது சொன்னான். "லூர்துகிட்ட கூடச் சொல்லல அண்ணே. கருவாட்டுக் குழம்பு மணக்குதுன்னு சும்மா சொல்லிட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா எவன் மருந்தடிக்கக் கூப்பிடுவான்? டேங்க் சுத்தமான்னு மோந்துதானே பார்க்கணும்." நான் யார்கிட்டயும் சொல்லலை. அன்னையிலேருந்து நான்தான் அவனுக்கு மூக்கு. கழுவி முடிச்சதும் டேங்கை என் முகத்துக்கிட்ட கொண்டு வருவான். மத்தவங்க பார்த்தா ஏதோ ரெண்டு பேரா சரிபார்க்கற மாதிரி இருக்கும். நான் மோந்து பார்த்து "சுத்தம்"னு சொல்லுவேன். சொன்னா முடிஞ்சது. "உங்க மூக்குக்கு இன்சூரன்ஸ் போடணும்ணே"ன்னு சிரிப்பான். மத்த எல்லாத்துலயும் நான் அவன் பேச்சைக் கேட்கணும். இந்த ஒண்ணுல மட்டும் அவன் என் பேச்சைக் கேட்டான்.

மாதா கோயில் கொடியேத்தத்து அன்னைக்கு ரெண்டு டேங்குலயும் களை மருந்து அடிச்சோம். கிழக்கு மூலையில கோரை மண்டிக் கிடந்ததால நான் மருந்தைக் கூட்டியே கலந்தேன். காத்து கிளம்பினதும் நிறுத்தினோம். பந்தலுக்கு ஆள் வேணும்னு அவனுக்கு போன் வந்துச்சு. "அண்ணே, ரெண்டையும் கழுவி மாட்டிடறீங்களா? நாளைக்குச் சத்து மருந்து"ன்னான். போயிட்டு வான்னு அனுப்பினேன். சைக்கிள்ல ஏறி, திரும்பிப் பார்த்து, "மூணு தண்ணி அண்ணே"ன்னு கத்திட்டுப் போனான்.

என் டேங்குல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பாட்டில் அடியில இருந்த மருந்தையும் அலசி அதுலதான் ஊத்தினேன். பாதையோரம் அடிச்சுத் தீர்க்கலாம்னு ஊத்தினது. அப்புறம் மோட்டார் கொட்டகை நிழல்ல உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியல. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, அசதி. ரெண்டு டேங்கையும் அப்படியே ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அவன் சொன்னதுக்காகக் கழுவாம விட்டேன்னு நினைக்காதீங்க. சொல்லாம இருந்திருந்தாலும் கழுவியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில அவன் தன்னோட டேங்கை மட்டும் இறக்கி, வழக்கம்போல என் மூக்குக்கிட்ட கொண்டு வந்தான். நாத்தம் இருந்துச்சு. "சுத்தம்"னேன். கழுவிட்டேன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன், வேற என்ன சொல்றது. அதுலயே சத்து மருந்தைக் கலந்து மேற்குப் பக்கத்து இளங்கன்னு பூராவும் அடிச்சான்.

அதுக்கு அடுத்த நாள் இலையெல்லாம் வெந்நீர் ஊத்தின மாதிரி கிடந்துச்சு. ரெங்கம்மாள் போன் பண்ணி, மதியம் ஹரிஹரசுதன் சார் ஆபீஸ்லேருந்து நேரா கார்ல வந்தார். அவர் கெட்டவர் இல்ல. அதையும் எழுதணும். பார்த்துப் பார்த்து வச்ச கன்னு, அவருக்கு வயிறு எரிஞ்சது.

"என்ன ஸ்டீபன் இது? டேங்கைக் கழுவாம அடிச்சிருக்கீங்க."

"கழுவினது சார்."

"கழுவியிருந்தா ஏன்ப்பா இப்படி வெந்து கிடக்கு?"

"கொடியேத்தத்து அன்னைக்கு அண்ணன் கழுவி மாட்டினாரு. அவர் கழுவினா நான் கழுவின மாதிரி சார். சத்து மருந்துப் பாக்கெட்லதான் ஏதோ கோளாறு."

சார் என் பக்கம் திரும்பினார். "கழுவினீங்களா பெரியண்ணன்?"

"கழுவினேன் சார்."

"ரெண்டு பேரும் ஒரே பாட்டு. நாளைக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன். உங்களை இனிமே யார் கூப்பிடறாங்கன்னும் பார்க்கறேன்."

ஸ்டீபன் கொட்டகைக்குள்ள போயி என் டேங்கை ஆணியிலேருந்து இறக்கிட்டு வந்தான். "சார், இது அண்ணன் அன்னைக்குக் கழுவி மாட்டினது. அதுக்கப்புறம் யாரும் தொடல. இதோட தண்ணியை நான் குடிக்கிறேன். அப்புறம் சொல்லுங்க, அண்ணன் கழுவினாரா இல்லையான்னு." ஆட்டிப் பார்த்தான். "அலசின தண்ணிகூட அடியில கிடக்கு"ன்னான். அதுலயே குழாய்த் தண்ணி கொஞ்சம் விட்டுக் குலுக்கி, டீ குடிக்கிற சில்வர் டம்ளர்ல சாய்ச்சான். சில்வர் டம்ளர்ல நிறம் தெரியாது.

"டேய், கிறுக்கா பிடிச்சிருக்கு? கீழ வையி"ன்னு ரெங்கம்மாள் வரப்புலேருந்து சத்தம் போட்டுச்சு.

"பாயசம் கேட்டீங்கல்லக்கா, இன்னைக்குத் தண்ணிதான் இருக்கு."

"அதெல்லாம் வேணாம் ஸ்டீபன்"னு சாரும் சொன்னார். ஆனா கிட்ட வரல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னார்.

ஸ்டீபன் குடிக்கல. முதல்ல என்கிட்ட வந்தான். டம்ளரை என் மூக்குக்கிட்ட நீட்டினான். மெதுவா, எனக்கு மட்டும் கேட்கற மாதிரி, "அண்ணே?"ன்னான்.

இந்த மருந்துல கம்பெனிக்காரங்க வேணும்னே ஒரு நாத்தத்தைச் சேர்த்துத்தான் விக்கறாங்க ஐயா. யாரும் தெரியாம குடிச்சிடக் கூடாதுன்னு. அது என் மூக்கைப் பிடிச்சு இழுத்துச்சு. கண்ணுல தண்ணி வந்துச்சு. நான் யோசிச்சேன். சட்டுனு வாயில வந்துடுச்சுன்னு எழுதலாம்னு பார்த்தேன், கை வரல. யோசிச்சுத்தான் சொன்னேன். இப்போ நான் வேணாம்னா, கழுவலைன்னு ஆயிடும். சார் என்ன பண்ணுவாருங்கறது எனக்குப் பெருசாத் தெரியல. ஸ்டீபன் என்னைப் பார்ப்பான். திட்ட மாட்டான். "இன்னொரு தண்ணி விட்டுடலாம்ணே"ன்னு சொல்லும்போது பார்ப்பானே, அப்படிப் பார்ப்பான். அத்தனை பொம்பளைங்க முன்னாடி.

"சுத்தம்"னேன்.

ஒரே மடக்குல குடிச்சான். "கொஞ்சம் துவர்க்குது சார், அவ்வளவுதான்"னு சொல்லிட்டு டம்ளரைக் கழுவி வச்சான். சார் தலையைக் குனிஞ்சுட்டு கார்ல ஏறிப் போனார். "பார்த்தீங்களா அண்ணே, உங்க பேரைக் காப்பாத்திட்டேன்"னு என் தோள்ல கை போட்டான்.

சாயங்காலம் வாந்தி எடுத்தான். மறுநாள் வாயெல்லாம் புண்ணு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், களை மருந்து ஏதாவது உள்ளே போச்சான்னு. ஸ்டீபன் என்னைப் பார்த்தான். "நீங்க மோந்து பார்த்தீங்கல்ல அண்ணே?" பார்த்தேன்னு சொன்னேன். "அப்போ அது இல்ல டாக்டர். வேற என்னமோ ஒத்துக்கல"ன்னான். டாக்டருக்குச் சந்தேகம் போகல. என்னைத் தனியா வெளிய கூப்பிட்டு, "நீங்க கூட வேலை செய்யறவர்தானே, உண்மையைச் சொல்லுங்க, சொன்னாத்தான் எதாவது செய்ய முடியும்"னார். "நல்ல தண்ணிதான் சார், நானே மோந்து பார்த்தேன்"னேன். அவர் ரத்தம் எடுத்து அனுப்பினார். அது களை மருந்துதான்னு தெரிய வந்தப்போ ஸ்டீபனுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருந்துச்சு. கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சு ஐயா. நான் பக்கத்துலயே இருந்தேன். ராத்திரியெல்லாம் விசிறினேன். அதை நர்ஸுங்களே சொல்லுவாங்க.

இப்போ ஊர்ல ரெண்டு விதமாப் பேசறாங்க. கழுவாம விட்டுட்டு, மாட்டிக்கிட்டதும் வெட்கத்துல குடிச்சான்னு சில பேர். தெரிஞ்சே சாகக் குடிச்சான்னு சில பேர். ரெண்டும் இல்ல. அவன் கழுவற ஆள். சாகவும் குடிக்கல. நான் கழுவினேன்னு நம்பித்தான் குடிச்சான். டீச்சர் கேட்டது இதுதான், அதை எழுதிட்டேன்.

அடக்கம் முடிஞ்ச பிறகு அவனோட கையுறையையும், மருந்தடிக்கும்போது போடற கண்ணாடியையும் டீச்சர் என்கிட்ட கொடுத்தாங்க. "அவர் பொருள் உங்ககிட்டதான் இருக்கணும் அண்ணே"ன்னாங்க. சாரும் என்னை வேலையிலேருந்து நிறுத்தல. நான் இப்போ அந்த ரெண்டு டேங்கையும் தினமும் கழுவறேன், மூணு தண்ணி. சில நாள் நாலு. நாசில் தனியா, வடிகட்டி தனியா. பக்கத்துத் தோட்டத்துக்காரங்ககூட, மருந்தடிக்கப் பெரியண்ணனைக் கூப்பிடுங்க, சுத்தமான ஆளுன்னு சொல்றாங்களாம். ரெங்கம்மாள் வந்து சொல்லுச்சு. அதோட என்கிட்ட வம்பு பேசறதையும் நிறுத்திடுச்சு.

எழுதினதும் முதல்ல தன்கிட்ட காட்டணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. காட்டிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வருவேன். படிச்சா, அவங்க குழம்பு வாசம் அவனுக்குத் தெரியலைங்கறதும் தெரிஞ்சுடும். அது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

மத்தபடி நான் அவன் கையில டம்ளரைக் கொடுக்கல. குடின்னு சொல்லல. சுத்தம்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன் ஐயா. அதுவும் அவன் கேட்டதாலதான்.