காவல் தூதன் சொன்னது

— டாடியோட டெத் சர்ட்டிபிகேட்டுக்கு கார்ப்பரேஷன் ஆபீஸ் போகணும்னு தானே வரச் சொன்னீங்க மம்மி.

— அது திங்கக்கெழம போலாம் பியூலா. இன்னைக்கு ரெண்டாவது சனி, லீவு. நாலு மணிக்கு பாஸ்டர் ஐயா வராரு. டாடி எழுதின ஆதாம் ஏவாள் காவியத்த சர்ச்சுல புஸ்தகமா போடறாங்களாம். கடைசியில என்ன இருக்குதுன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? நான் கன்னட மீடியத்துல படிச்சவ. முப்பத்தஞ்சு வருஷம் ஒரு தமிழ் வாத்தியாரோட குடும்பம் பண்ணேன், அவரு எழுதினதுல ஒரு எழுத்து படிச்சதில்ல.

— அவர் படிச்சுக் காட்டலையா?

— நீ இருந்த வரைக்கும் உனக்குத் தானே படிச்சாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுலேர்ந்து வந்ததும். நீ போனப்புறம் யாருக்குப் படிப்பாரு? ரூமுல தனியா உக்காந்து எழுதுவாரு. அவ்வளவு தான். காபி ஆறுது, குடி.

— குடிக்கறேன்.

— வியாழக்கெழம அடக்கத்துல நீ ஒரு சொட்டு கூட அழலன்னு உங்க சித்தி சொல்லிக் காட்டிச்சு.

— நீங்களும் அழல.

— ஆமா. வரல.

— எனக்கும் வரல மம்மி. எட்டு வருஷம் பாக்காத மொகம். பெட்டிக்குள்ள யாரோ படுத்திருக்கற மாதிரி இருந்திச்சு.

— கோவிந்தன் வரலையா?

— ஷிப்ட்டு. ஹெப்பகோடிலேர்ந்து ரெண்டு பஸ் மாறணும். சிந்துவ பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேன்.

— கொழந்தைய கூட்டிட்டு வந்திருக்கலாம்.

— இந்த வீட்டுக்கா? கல்யாணம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு நானும் கோவிந்தனும் மாலையோட கேட்டுல நின்னோம். நீங்க தானே வெளிய வந்து சொன்னீங்க, "டாடி உன் மூஞ்சிய பாக்க மாட்டாரு, வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு"ன்னு. உள்ள அவர் இருமற சத்தமாவது கேக்குதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். அதுவும் கேக்கல.

— அப்ப நான் சர்ச் மாதர் சங்கத்துல செக்ரட்டரி. காக்ஸ் டவுன் பூரா உன் பேச்சு தான். சரி, அத விடு. மேல இருக்கிற நோட்ட எடு. அது தான் கடைசி.

— "தோட்டம் அடைத்த படலம்." தேதி போட்டிருக்காரு. ஆகஸ்டு தொண்ணூத்தி மூணு.

— அதுக்கென்ன?

— அந்த மாசம் தான் அவரோட ஸ்கூல் அட்ரஸுக்கு ஒரு லெட்டர் போட்டேன். சிந்து பொறந்திருக்கா, நீங்க வரக்கூடாதுன்னு சொல்லியனுப்பினதால தூக்கிட்டு வரலன்னு எழுதினேன். பதிலே இல்ல.

— லெட்டரா? அவரு என்கிட்ட சொல்லலியே.

— சொல்ல என்ன இருக்கு?

— ம். படி.

— இது பைபிள்ல இருக்கற மாதிரி இல்ல மம்மி.

— எது இல்ல?

— பைபிள்ல கர்த்தர் தான் ரெண்டு பேரையும் தொரத்தறாரு. அப்புறம் தான் தூதன காவலுக்கு நிறுத்தறாரு. இதுல கர்த்தர் அங்க இல்லவே இல்ல. எங்கியோ வெளிய போயிருக்காரு. அவங்க பழம் தின்னத காவல் தூதன் பாக்கறான். அவனே வெளிய அனுப்பிடறான்.

— பாட்டாவே படி.

— "வாளொடு நின்ற தூதன் வாயிலை அடைத்துச் சொன்னான்
ஆளுவோன் ஆணை ஈதே, அகலுமின் என்ற போழ்தில்
தோளொடு தோளும் சாயத் துணையுடன் நடந்து போனார்
நாளொளி சாயும் வேளை நாயகன் மீண்டு வந்தான்."

— நிறுத்தாத. அடுத்தது?

— "எங்குளார் மக்கள் என்றான் இறையவன், தூதன் நின்று
இங்கெதும் வேண்டா என்றே எழுந்தவர் போனார் என்றான்
அங்கவன் பொய்யைத் தேர்ந்தும், அவனையும் இழந்தால் பின்னர்
தங்குவார் யாரோ என்றே தலைகவிழ்ந் தமைதி யானான்."

— எனக்கு முழுசா புரியல. பேசற மாதிரி சொல்லு.

— கர்த்தர் சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பி வராரு. என் புள்ளைங்க எங்கன்னு கேக்கறாரு. "இங்க எங்களுக்கு எதுவும் வேணாம்னு சொல்லிட்டு அவங்களா எழுந்து போயிட்டாங்க"ன்னு தூதன் சொல்றான். அது பொய்னு கர்த்தருக்குத் தெரிஞ்சுடுது. ஆனா கேக்கல. கேட்டா இவனும் போயிடுவான், அப்புறம் கூட யாரும் இருக்க மாட்டாங்கன்னு தலைய குனிஞ்சுட்டு உக்காந்துடறாரு.

— அதுக்கப்புறம்?

— ஒண்ணுமில்ல. மிச்சமெல்லாம் வெத்துப் பக்கம்.

— ஆறு வருஷமா வெத்துப் பக்கமா? தெனம் அந்த மேசையில தான உக்காந்திருந்தாரு.

— எழுதல மம்மி. பாருங்க. ஆனா பாஸ்டர் இத ஒத்துக்க மாட்டாரு. கர்த்தரையே ஒரு தூதன் ஏமாத்துவானான்னு கேப்பாரு. டாடிக்கு எங்கேர்ந்து தான் இப்படித் தோணிச்சோ.

— அந்தத் தூதன் சொன்னத இன்னொரு தரம் சொல்லு.

— "எங்களுக்கு இங்க எதுவும் வேணாம்னு சொல்லிட்டு, அவங்களா எழுந்து போயிட்டாங்க."

— அது தூதன் சொன்னதில்ல பியூலா. நீ கேட்டுல நின்னுட்டுப் போனியே, அன்னைக்கு சாயங்காலம் டாடி ஸ்கூல்ல பரீட்ச பேப்பர் திருத்தி முடிச்சு வீட்டுக்கு வந்து, பியூலா எங்கன்னு கேட்டாரு. அப்ப நான் அவருக்குச் சொன்ன வார்த்த அது.