ஒன்றாம் எண் சட்டை

நாற்காலியை மாற்ற வேண்டாம், டாக்டர். எனக்குப் பொருந்துகிற நாற்காலி எங்கேயும் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவேன். ஜன்னலோரம் சாய்ந்துகொள்கிறேன்.

கையெழுத்துப் போட்டால் போதும் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் நடத்திய விசாரணையின் அறிக்கையை இரண்டு தடவை படித்தேன். தெளிவாக இருக்கிறது. 'பயிற்சியில் நேர்ந்த விபத்து' என்று முடித்திருக்கிறீர்கள். கையெழுத்துக்கு முன் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். நீங்கள் ரக்பி பார்த்ததில்லை என்று போன தடவை சொன்னீர்கள். அதனால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன்.

ததேயோ சோரியாவும் நானும் ஏழு வயதிலிருந்து ஒரே முன்வரிசையில் ஆடியவர்கள். ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேர் எட்டுப் பேரோடு குனிந்து தோள் முட்டித் தள்ளுவது. முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நிற்பவன் ஹூக்கர். அவன் தன் இரண்டு கைகளையும் இரண்டு பக்கத்து ஆட்களின் தோள்மேல் போட்டுவிடுவான். அதன் பிறகு அவனுக்கென்று கை கிடையாது. கீழே போனால் ஊன்ற முடியாது. பக்கத்து ஆட்கள் பிடித்திருக்கிற வரைதான் அவன் கழுத்து அவனுடையது. ததேயோ ஹூக்கர். நான் அவனுக்கு இடப்பக்கம், ஒன்றாம் எண். இருபத்தாறு வருடம் அவனைப் பிடித்திருந்தேன்.

வேலை என்று பார்த்தால் அவனும் டாக்டர்தான், உங்களைப் போல் சட்டம் படித்தவன் இல்லை, மாட்டு டாக்டர். நான் எலுமிச்சைத் தோப்பில் மேஸ்திரி. அவன் தேசிய அணியில் மற்ற நாடுகளோடு முப்பது டெஸ்ட் ஆடினான். நான் பதினோரு டெஸ்டுக்கு மாற்று ஆளாக உட்கார்ந்தேன். யாருக்காவது காயம் பட்டால்தான் மாற்று ஆளுக்கு வேலை. யாருக்கும் படவில்லை. பதினோரு தடவையும் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், அழுக்காகாமல் கழற்றி மடித்து வைத்தேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. இந்த ஜூலையில் வேல்ஸ் அணி வந்தது. தலைநகர் பியூனஸ் ஐரிஸில் ஆட வேண்டிய டெஸ்டை எங்கள் ஊரான துக்குமானில் வைத்தார்கள். இனி ஒரு வாய்ப்பு வராது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கிளப் கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்டுக்கு முந்தைய வாரம் கேன்டீன் நடத்துகிற கோகா அக்கா கறி மடிக்கிற பழுப்புத் தாளைச் சுவரில் நீளமாக ஒட்டிவிடுவார். ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்கள். எந்த எண்ணில் யார் ஆட வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம், அடிக்கலாம். ஆனால் அடித்தவன் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அங்கிருக்கிற எல்லோருக்கும் கறி அடைத்த எம்பனாதா வாங்கித் தர வேண்டும்.

இரண்டாம் எண்ணில் ததேயோவின் பெயரை யாரும் தொடவில்லை. ஒன்பதாம் எண்ணில் அடித்து அடித்துத் தாளே கிழிந்துவிட்டது. ஒன்றாம் எண்ணில் முதல் நாளே என் பெயர், அமில்கார். செவ்வாய்க்கிழமை, வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் அதை அடித்துவிட்டு வலென்தீன் என்று எழுதினார்.

"யாரு இந்த வலென்தீன்?" என்று கோகா அக்கா கேட்டார்.

"பியூனஸ் ஐரிஸ் பையன்க்கா. இருபத்திரண்டு வயசு. கல்லு மாதிரி இருக்கான்."

"அந்த ஊர்க்காரனுக்குக் கழுத்து எதுக்கு இருக்கு, டை கட்டத்தானே," என்றார் ஒரு கரும்பு லாரி டிரைவர். "அமில்கார் பதினோரு மாட்ச் பெஞ்சுல உக்காந்தாச்சு. பெஞ்சு தேஞ்சுபோச்சு, மனுஷன் தேயல. வேற காரணம் வச்சிருக்கியா?"

வங்கிக்காரரிடம் வேறு காரணம் இல்லை. எம்பனாதா வாங்கினார். என் பெயரை மறுபடி அவரே எழுதினார். என் அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். கேன்டீன் பக்கம் வராத மனிதர், அந்த வாரம் தினமும் வந்தார். தாளின் முன்னால் சற்று நேரம் நிற்பார், போய்விடுவார்.

இப்போது கையைப் பற்றி. மே மாதத்தில் ஒரு நாள் மாத்தே தேநீர்க் குடுவை என் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ததேயோ பார்த்துவிட்டான். கன்றுகளுக்குப் போடுகிற ஊசியை எடுத்து வந்து விரல் விரலாகக் குத்தினான். மூன்று விரல்களில் ஒன்றும் தெரியவில்லை.

"கழுத்து நரம்பு, குண்டா," என்றான். "படம் எடுக்கணும்."

டெஸ்ட் முடியட்டும் என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றேன். அவன் ஊசியைத் துடைத்துக்கொண்டே, சரி என்றான். வேறு யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. அவன் 'சரி' என்றதை வைத்துத்தான் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை பயிற்சியாளர் பெல்லோனி ததேயோ உட்பட மூத்த வீரர்கள் நான்கு பேரைத் தன் ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டார். அது அவர் வழக்கம். கடைசி இரண்டு மூன்று இடங்களைப் பற்றி அவர்களோடு வாதாடுவார். அன்றைக்கு இரண்டு மணி நேரமும் ஒன்றாம் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. பெல்லோனி என் பக்கம் இருந்தாராம். மற்ற மூவரும் என் பக்கம்.

வியாழன் காலை பெல்லோனி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அங்கேயும் நாற்காலி சின்னதுதான்.

"மூணு விரல்ல உணர்ச்சி இல்லையாமே, அமில்கார். எத்தனை நாளா?"

இரண்டு மாதம் என்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் உன் பேர்தான் இருந்துச்சு," என்றார். நல்ல மனிதர். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். மாற்று ஆட்கள் பட்டியலிலும் என்னை வைக்க முடியாது என்றார். விருப்பமிருந்தால் ஆட்டம் முடியும்வரை அணியோடு இருக்கலாம்.

மதியம் வானொலியில் பதினைந்து பெயர்களையும் வாசித்தார்கள். அப்போது அப்பா கேன்டீனில் இருந்தார். நடந்ததைக் கோகா அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னார். வானொலி நின்றதும் அப்பா எழுந்து போய்ப் பென்சிலை எடுத்தார். என் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, வலென்தீன் என்று எழுதினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே திரும்பி, காரணம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த முப்பது பேருக்கும் எம்பனாதா வாங்கித் தந்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்.

இதை நீங்கள் அறிக்கையில் சேர்க்கத் தேவையில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் ததேயோ என் அறைக்கு வந்தான். கையில் இரண்டு மிலனேசா சாண்ட்விச். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"நான்தான்டா சொன்னேன்," என்றான்.

தெரியும் என்றேன்.

"அந்த வேல்ஸ்காரன் நூத்திப் பதினெட்டுக் கிலோ. எண்பது நிமிஷம் உன் கழுத்துல ஏறி உக்காருவான். பக்கத்துல நான் இருப்பேன். சத்தம் எனக்குத்தான் முதல்ல கேக்கும். என்னால முடியாது, குண்டா. என்னைத் திட்டு, அடி, பேசாம இரு. ஆனா உன் கால்ல நடந்துபோய்ப் பேசாம இரு."

நான் திட்டவில்லை. சாண்ட்விச்சை முழுதாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, மிளகாய் அதிகம் போட்டிருந்தான், எனக்குப் பிடிக்கும் என்று. அவன் அழுதான். நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். என் கை மரத்துப் போனதைவிட, அவன் அழுவதைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றாததுதான் வியப்பாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை, 'நாளைக்குச் சொல்லப் போகிறேன்' என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். நானே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. கரும்புத் தோட்டங்களைக் கொளுத்துகிற காலம். மைதானத்தில் கரி தூள் தூளாக விழுந்துகொண்டிருந்தது. நான் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிகிற நேரத்தில் ததேயோ பெல்லோனியிடம் ஏதோ பேசினான். பிறகு என்னைப் பார்த்துக் கை காட்டினான்.

"வாடா. கடைசியா ஒரு ஸ்க்ரம், நாம ரெண்டு பேரும். பாதி பலம்தான், யாரும் வேகமா முட்ட மாட்டாங்க."

அது எனக்கு அவன் கொடுத்த பரிசு. வலென்தீன் விலகி நின்று எனக்குக் கை கொடுத்தான். மரியாதையான பையன். தன் சட்டையையே கழற்றிக் கொடுத்தான், ஒன்றாம் எண். எனக்கு அது இறுக்கமாக இருந்தது.

வரிசை கட்டுவதற்கு முன் எனக்குப் பின்னால் தள்ளுகிற கோயோவிடம் போனேன். "பாதி வேண்டாமாம், முழு பலத்தோட தள்ளச் சொல்றான் ததேயோ," என்றேன். எதிர்வரிசைக்காரர்களிடமும் அதையே சொன்னேன். அவர்களுக்குச் சந்தோஷம். ஊர்க்காரனை ஊர் மைதானத்தில் அரைகுறையாக வழியனுப்ப யாருக்கு மனம் வரும்.

குனிந்தோம். ததேயோ தன் இடது கையை என் தோளில் போட்டான். என் காதருகே, "வலிச்சா சொல்லு," என்றான். முட்டினோம். முழு பலம் வந்ததும் அவன் உடம்பு ஒரு கணம் திகைத்தது. எனக்குத் தெரிந்தது, அத்தனை வருடப் பழக்கம். அவன் இடுப்புச் சட்டையைச் சுற்றிப் பிடித்திருந்த கையை நான் திறந்தேன். திறந்துவிட்டு, முழங்காலை மடக்கினேன். நான் யாரையும் தள்ளவில்லை. தள்ளியது மற்றவர்கள். பதினான்கு பேரின் பாரமும் அவன் கழுத்து வழியாகப் போயிற்று. அவன் சொன்னது சரிதான். சத்தம் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் முதலில் கேட்கும்.

மறுநாள் ஆட்டம் நடந்தது. பதினைந்துக்கு ஒன்பது, நாங்கள் ஜெயித்தோம். வலென்தீன் நன்றாகவே தள்ளினான் என்று அப்பா சொன்னார்.

கை மரத்துப் போயிருந்ததால் பிடி நழுவிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.  கோயோ மட்டும், அது தன்னால்தான் நேர்ந்தது என்று நினைக்கிறான். ஆடுவதை விட்டுவிட்டான். மைதானத்துச் சாலையில்கூட இப்போது போவதில்லையாம். வருத்தமான விஷயம்தான். அவன் நல்ல ஆட்டக்காரன்.

ஒன்றாம் எண்ணில் ஆடுகிறவனுக்கு இடது கை எதிராளியின் சட்டையில் இருக்கும், டாக்டர். ஹூக்கரைப் பிடித்திருப்பது வலது கை. ரக்பி தெரிந்த சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். என் கை மரத்துப் போன கதையும் இந்த மாகாணம் முழுவதற்கும் தெரியும். ஆனால் எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குத்தான் தெரியும்: ஊசியால் குத்தியவனுக்கும் எனக்கும்.

அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ததேயோவின் வாக்குமூலம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில், படுத்தபடி சொன்னது. 'அமில்காரின் வலது கையை நானே சோதித்தேன், உணர்ச்சி இல்லை. முழு பலத்தோடு தள்ளச் சொன்னதும் நான்தான். தவறு என்னுடையது.' இதற்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது. மாத்தேக் குழாயை அவன் வாயருகே பிடிப்பது நான்தான். அறிக்கையைப் படித்த பிறகு, போன வாரம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா ஞாயித்துக்கிழமை எனக்கு யாருடா மாத்தே குடுப்பா?" என்று சிரித்தான். இப்போதெல்லாம் சிரித்தால் அவன் தோள் குலுங்குவதில்லை. பிறகு வேறு குரலில், "நீ கையைத் திறந்தது எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? விடு. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றான்.

சொல்ல மாட்டேன் என்று மே மாதமும் சொன்னான்.

நான் ஏன் வந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். முதல் தடவை என்னைக் கேட்காமல் உண்மையைச் சொன்னான். என் இடம் போயிற்று. இந்தத் தடவை என்னைக் கேட்காமல் பொய் சொல்லியிருக்கிறான். ஊர் முழுக்க அவனைத் தெய்வம் மாதிரி பேசுகிறார்கள், என் அப்பா உட்பட. இரண்டு தடவையும் என் நன்மைக்கு என்கிறான். என் கை, என் கழுத்து, நான் செய்த காரியம் எல்லாவற்றையும் அவனே தீர்மானிக்கிறான்.

அவனைப் பற்றி எனக்கும் எத்தனையோ தெரியும், டாக்டர். இருபத்தாறு வருடத்தில் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

நான்காம் பக்கத்தில் வலது என்பதை இடது என்று திருத்துங்கள். கையைத் திறந்தது தெரிந்தேதான் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன். எங்கள் இருவரில் நம்பியவனைக் கைவிடாதவன் யார் என்று அப்போதாவது ஊருக்குத் தெரியட்டும்.